வாலாம்பாள் எடுத்த நாலு இஸ்பேட்

ஸ்ரீவராகத்து வாலாம்பாளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. பகல் முழுக்க ஊரார் பேசுவதற்கு லைன் போட்டுக் கொடுப்பாள். நடுநடுவே தானும் பேசுவாள். பாலக்காட்டுக்கு டிரங்க் கால் கேட்டவரிடம், லைன் கிடைப்பதற்குள் அவர் மகளுக்கு எத்தனை இடத்திலிருந்து ஜாதகம் வந்திருக்கிறது என்பது வரை விசாரித்து முடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் சனிக்கிழமை சாயங்காலமானால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் எக்ஸ்சேஞ்சில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் நடந்துகொண்டிருந்தது. எல்லாம் அவள் புருஷன் பஞ்சாபகேசனின் கைங்கரியம்.

பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் கிளப். கீழே பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கிற சத்தம் மேலே கேட்டபடி இருக்கும். அங்கேதான் தம்பதி சமேதராய்ப் போய் பிரிட்ஜ் ஆடுவார்கள். இந்த ஆட்டத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிற இரண்டு பேர் ஒரு கட்சி. முதலில் ஏலம்: மற்ற ஜாதிகளை வெட்டுகிற துருப்பு எது, ஆளுக்கொரு சீட்டாக இறக்கும் பதின்மூன்று பிடியில் ஆறுக்குமேல் எத்தனை எடுப்போம் என்று. ஏலத்தை எடுத்த கட்சியில், அந்த ஜாதிச் சீட்டின் பேரை முதலில் சொன்னவர்தான் ஆடவேண்டும். கூட்டாளி தன் சீட்டையெல்லாம் மேஜைமேல் விரித்துப் போட்டுவிட்டு, சொன்ன சீட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். அவருக்குப் பெயர் டம்மி. ஆட்டத்தைப் பற்றி டம்மி வாயைத் திறக்கப்படாது.

இந்த விதியைப் படைத்தவன் பஞ்சாபகேசனை மனதில் வைத்துத்தான் படைத்திருக்கவேண்டும். மனைவி எந்த ஜாதியைச் சொன்னாலும் அவர் உடனே அதற்குமேல் 'நோ டிரம்ப்' என்பார். அதாவது, துருப்பே வேண்டாம். அப்படிச் சொன்னால் ஆட்டம் அவர் கைக்கு வந்துவிடுமல்லவா! தப்பித்தவறித் துருப்பு ஆட்டமாக அமைந்தாலும் அதிலும் அவரே முந்திக்கொள்வார். ஆடுகிற விதமும் அலாதி. முதல் பிடி கைக்கு வந்ததோ இல்லையோ, படபடவென்று துருப்பை இழுக்க ஆரம்பித்துவிடுவார். அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி ஓர் அவசரம். இரண்டு கையிலும் இருந்த துருப்பெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தீர்ந்த பிறகுதான் "இனி என்ன பண்ணலாம்?" என்று யோசிப்பார். அநேகமாக அப்போது பண்ணுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

வாலாம்பாள் பார்த்துக்கொண்டே இருப்பாள். பேசத்தான் முடியாதே தவிர எண்ணிப் பார்ப்பதற்கு என்ன தடை? எங்கே தோற்கும், எதை வெட்டியிருக்கலாம், எந்தச் சீட்டு வீணாயிற்று என்று விரித்துப் போட்ட தன் சீட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் போட்டே அவளுக்கு ஆட்டம் படிந்துவிட்டது.

கிளப்பில் ஜோடிப் போட்டியன்று காலையில், காப்பியை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள். "இன்னிக்கு ஒரு கை நான் ஆடணும்."

"துருப்பு ஆட்டமெல்லாம் பிளான் பண்ணி ஆடணுமாக்கும். நோக்கு எதுக்கு அந்தத் தலைவலி?"

"தலை என்னோடதுதானே? வலிச்சுட்டுப் போறது."

பஞ்சாபகேசன் டம்ளரைக் கீழே வைத்தார். "ஷெரி. ஏலத்திலே கிடைச்சா ஆடிக்கோ. ஆனா தோத்தேன்னா அப்புறம் ஆயுசுக்கும் கேக்கப்படாது."

"சம்மதம்" என்றாள். சொன்ன வேகத்தில் சொல்லிவிட்டாளே ஒழிய, பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் மனசுக்குள்ளே பிடியை எண்ணிக்கொண்டே போனாள்.

சாயங்காலம் எதிர்க்கட்சியில் எஞ்சினியர் சத்தியதாஸும் ஓமனா டீச்சரும். வாலாம்பாளின் கையில் இஸ்பேட் ஆசு, ராஜா, ராணி, கூடச் சின்ன இஸ்பேட் இரண்டு. "ஒரு இஸ்பேட்" என்றாள்.

"ஒரு நோ டிரம்ப்" என்றார் பஞ்சாபகேசன், தும்மல் வருவதுபோல.

"மூணு இஸ்பேட்."

"மூணு நோ டிரம்ப்."

அடுத்த மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாலாம்பாள் மூச்சை இழுத்து விட்டாள். "நாலு இஸ்பேட்."

பஞ்சாபகேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு வழியில்லை. "பாஸ்."

சத்தியதாஸ் ஆர்ட்டின் ராஜாவை இறக்கினார். பஞ்சாபகேசன் வாழ்க்கையில் வழக்கமில்லாத காரியமாகத் தம் சீட்டுகளை மேஜைமேல் விரித்தார். துருப்பில் ஜாக்கி, ஒன்பது, நாலு. ஆர்ட்டினில் ஒற்றை மூன்று. டைமனில் ஆசு. மற்றதெல்லாம் உதிரி.

வாலாம்பாள் ஒன்றையும் தொடவில்லை. நாலு என்று கேட்டதால் பதின்மூன்று பிடியில் ஆறோடு நாலு, பத்து வேண்டும், மூன்றுக்குமேல் தோற்கக்கூடாது. எண்ணினாள். தன் ஆர்ட்டினில் ஆசுக்குக் கீழே இரண்டு தோற்கும். கிளாவரிலும் ஆசு போக இரண்டு. டைமனில் ஒன்று. ஆக ஐந்து. இரண்டு அதிகம். ஒரு தடவை மேஜையை நன்றாகப் பார்த்தாள். அங்கே ஆர்ட்டின் ஒன்றே ஒன்றுதான். அது போய்விட்டால், அடுத்த இரண்டு ஆர்ட்டினையும் அங்கிருக்கிற சின்னத் துருப்பால் வெட்டலாமே! ஆனால் முதலில் துருப்பை இழுத்தால் வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

"வாலாம்பா மாமி உறங்கிப் போயோ?" என்று ஓமனா டீச்சர் சிரித்தாள்.

"இல்லை டீச்சர், லைன் கிடைக்கலை. கொஞ்சம் பொறுங்கோ."

கடைசியில் ஆர்ட்டின் ஆசால் பிடித்தாள். பஞ்சாபகேசனின் விரல் தானாகவே மேஜையிலிருந்த துருப்பு நாலின்மேல் போய் உட்கார்ந்தது. இனி துருப்பை இழுக்காமல் வேறென்ன செய்வாள் என்பது அவர் தீர்மானம்.

"சாரே, கை எடுக்கணும். டம்மிக்கு அவசரம் பாடில்லா" என்று மலையாளத்தில் தடுத்தார் சத்தியதாஸ். பஞ்சாபகேசன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வாலாம்பாள் சின்ன ஆர்ட்டினை இறக்கினாள். பஞ்சாபகேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இஸ்பேட் ஆசை வைத்துக்கொண்டு என்ன பைத்தியக்காரத்தனம் இது? சொல்ல வாய் துடித்தது. டம்மி பேசக்கூடாதே! முகம் மட்டும் பீட்ரூட்டாகச் சிவந்தது.

"துருப்பு நாலைப் போடுங்கோ" என்றாள்.

போட்டார். பிடி தம்பதி கட்சிக்கு. கிளாவரை ஆடித் தன் ஆசால் கைக்கு வந்தாள். இன்னொரு ஆர்ட்டின். "ஒன்பது." அதுவும் இவர்களுக்கே. அதற்கப்புறம்தான் மேஜையில் மிஞ்சியிருந்த ஜாக்கியில் ஆரம்பித்து, நிதானமாக ஒவ்வொன்றாகத் துருப்பை இழுத்தாள். டைமன் ஆசையும் எடுத்துக்கொண்டு மூன்று பிடியைச் சிரித்த முகத்தோடு எதிர்க்கட்சிக்குக் கொடுத்தாள். சரியாகப் பத்து. அவளுக்கு எழுந்து நின்று ஊருக்கெல்லாம் டிரங்க் கால் போட்டுச் சொல்லவேண்டும் போலிருந்தது.

"பிரமாதம் மாமி!" என்றார் சத்தியதாஸ். "நோ டிரம்பிலே ஆர்ட்டினா அடிச்சு உங்களைத் தீர்த்திருப்போம்."

பஞ்சாபகேசன் தம் பக்கத்துச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த நாலாலே ஒரு பிடி வரும்னு எனக்குத் தோணவே இல்லைடீ."

"தோணாது. எப்பவும் உங்க ராஜா ராணிக்கு அடியிலேதானே என் நாலும் அஞ்சும் விழுந்துண்டிருந்தது? டம்மி கையிலே இருந்தாலும் அது துருப்புதான். தனியா விட்டா அதுவும் பிடிக்கும்."

அவர் முகத்தைப் பார்த்து வாலாம்பாளுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. பஞ்சாபகேசன் சீட்டுகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய மனசு பண்ணுகிற குரலில் சொன்னார்.

"ஷெரி, போறது. அடுத்த கையையும் நீயே ஆடிக்கோ."

வாலாம்பாள் புதுச் சீட்டுகளை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அது நீங்க குடுக்கறதில்லை. ஏலத்திலே நான் எடுத்துக்கறது."