பொன் அரிக்கும் திட்டில் மட்டும்

“மெல்ல, சித்தப்பா. ஓடிப்போவும்.”

வெள்ளம் வடிந்த பிறகு என் மகள் பேசிய முதல் சொற்கள் இவைதாம். என்னிடம் பேசவில்லை, என் கொழுந்தனிடம் பேசினாள். அவன் நெய்யாற்றங்கரையில் புதிதாக ஒதுங்கியிருந்த மணல்திட்டில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு பச்சைப் பிளாஸ்டிக் தட்டில் மணலையும் தண்ணீரையும் சேர்த்துச் சுழற்றிக்கொண்டிருந்தான். அவள் கணுக்கால் தண்ணீரில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு வேகமாகச் சுழன்றதில், மினுங்கிய ஏதோ ஒன்று மணலோடு விளிம்பைத் தாண்டப் பார்த்தது. அதற்குத்தான் அப்படிச் சொன்னாள்.

கொழுந்தன் கையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவனுக்குப் புரிந்தது.

“சரி மக்கா, மெல்லவே ஆட்டலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டான். அழுதால் அவள் பயந்துவிடுவாளோ என்று ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றேன். உடனே, பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டு முதுகைக் காட்டி நிற்கலாமா என்று மறுபடியும் திரும்பினேன்.

எங்கள் வீடு கேரளத்து ஆரியங்கோட்டில், ஆற்றை ஒட்டிய தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. பின்புறத்து ரப்பர் தோட்டத்தைத் தாண்டினால் குளிக்கும் படித்துறை, கடவு என்போம். அந்த மழையில், விடிகிற நேரத்தில் தண்ணீர் அடுக்களைக்குள் வந்துவிட்டது. என் கணவருக்குக் கொல்லத்தில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொழுந்தன் முன்னால் கம்பு ஊன்றிப் போக, மேட்டிலிருந்த உறவினர் வீட்டுக்கு நடந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மெத்தையும் சில கோழிகளும் போனதோடு சரி. எங்களைவிட அதிகம் இழந்தவர்கள் ஊரில் உண்டு. ஆனால் அன்றிலிருந்து நான்கு வயது மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள். அதுவரை தூக்கத்தில்கூடப் பேசுகிறவள்.

சாப்பிட்டாள், விளையாடினாள், கூப்பிட்டால் வந்தாள். பேச்சு மட்டும் இல்லை. நெய்யாற்றின்கரை டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். காதும் தொண்டையும் நன்றாக இருப்பதாகவும், பயந்த பிள்ளைகள் சிலர் இப்படி இருப்பார்கள் என்றும், வற்புறுத்தாமல் இருந்தால் தானாக வரும் என்றும் சொன்னார். எப்போது வரும் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

நான் பி.எட். படித்தவள். குழந்தை உளவியலில் நல்ல மதிப்பெண். அந்தப் படிப்பு எனக்குக் கொடுத்ததெல்லாம், நான் செய்கிற ஒவ்வொன்றும் தவறாக இருக்கலாம் என்கிற சந்தேகம்தான். கதை சொன்னேன். பிறகு, கதை சொல்வதே ஒருவகை வற்புறுத்தலோ என்று நிறுத்தினேன். நிறுத்தியது அவளைத் தண்டிப்பதுபோல ஆகுமோ என்று மறுபடியும் சொன்னேன்.

இதற்கு நடுவில்தான் கொழுந்தனுக்குப் பொன் ஆசை வந்தது. அவன் வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்கிறவன். எந்தெந்த நாட்டிலோ வெள்ளம் வடிந்ததும் ஆட்கள் ஆற்றில் இறங்கி, பொழுதுபோக்காகப் பொன் அரிக்கிற வீடியோக்களைப் பார்த்திருக்கிறான். வெள்ளம் அடிமண்ணைப் புரட்டிப் போட்டிருக்கும், பொன் கனமானது, ஆறு வளைகிற இடத்தில் தங்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தான். உள்பக்கம் படிப்படியாக வரி வைத்த அந்தப் பச்சைத் தட்டை ஆன்லைனில் வாங்கினான். துணி துவைக்க வந்த பெண்களுக்கு அவன் நல்ல வேடிக்கையாகிவிட்டான்.

“எலே, கிட்டினா எனக்கொரு மூக்குத்திக்கு உண்டாவுமா?”

“மூக்குத்தி என்னத்துக்கு அக்கா, ஒட்டியாணமே செய்யலாம். ஆனா இடுப்பை நீங்கதான் கொறைக்கணும்.”

“ஒன் தட்டை இஞ்ச தா, ஒன் தலையில கவுக்கேன்!”

கிடைத்ததை ஒரு சின்ன மருந்துக் குப்பியில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தான். கருமணலுக்கு நடுவே சில மினுக்குகள். நகைக் கடையில் காட்டிக் கேட்கலாமே என்றேன். “காக்காப்பொன்னுன்னு சொல்லிப்போட்டா அதோட சோலி தீர்ந்துது மைனி. கேக்காம இருக்கது வர பொன்னாக்கும்” என்றான்.

மகள் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, அது பொன்னா இல்லையா என்று நானும் கேட்கவில்லை.

மறுநாள் கொழுந்தனுக்கு வேலை. தட்டை வாங்கிக்கொண்டு மகளோடு நானே போனேன். எனக்கு நீச்சல் தெரியாது. இருந்தாலும் தினமும் போகத் தொடங்கினேன். போகும்முன், ஆற்றின் மேலே உள்ள டேமின் ஷட்டரைத் திறப்பது பற்றிய அறிவிப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று போனில் பார்ப்பேன். கடவுக்குப் போனதும் மறுபடியும் பார்ப்பேன். அவள் திட்டின் ஓரத்தில் உட்கார்ந்து தட்டை நனைத்ததும் பேச்சு வந்துவிடும். என்னிடம் அல்ல, மணலிடம்.

“கறுப்பு அடியில கெட. வெள்ள, நீ போ. உன்னைய வேண்டாம், போ. குஞ்ஞு மணலே, நீ இரி.”

முதல் நாள் ஆசையில் நான், “பொன்னு கிட்டிச்சா மக்கா?” என்று கேட்டுவிட்டேன். வாய் மூடிக்கொண்டது. அன்று முழுவதும் திறக்கவில்லை. அதன்பிறகு, கை நீட்டினால் பிடிக்கிற தூரத்தில் குடையோடு வாய் திறக்காமல் உட்காரப் பழகினேன். கொழுந்தன் ஒருநாள் அவள் குரலை மறைவாகப் பதிவு செய்து அண்ணனுக்கு அனுப்பினான். என் கணவர் அதை ரயிலில் வைத்துக் கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் என்ன சார் ஆச்சு என்று கேட்கும்படி ஆகிவிட்டதாம்.

ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் ஏறியதும் பேச்சு நின்றுவிடும். குழாயை யாரோ மூடியதுபோல. நான் பாதையில் நின்று பார்த்தேன், வேறு வழியாகச் சுற்றிப் பார்த்தேன், அவள் தட்டைச் சுமக்க நான் பின்னால் நடந்தும் பார்த்தேன். எதுவும் உதவவில்லை. வீட்டில் ஊமை, ஆற்றில் வாயாடி. மழைக்காலமோ இன்னும் முடியவில்லை. எத்தனை நாளைக்கு இப்படி ஆற்றை நம்பிப் பிள்ளையைக் கொண்டுபோவது?

அதனால்தான், ஆற்றையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். காலி அரிசிச் சாக்கில் திட்டு மணலைப் பாதி நிரப்பினேன். தோட்டத்து வழியே அதைச் சுமந்து ஏற முடியவில்லை. ஸ்கூட்டரைச் சுற்றுவழியில் கடவுவரை கொண்டுவந்து, சாக்கைக் காலடியில் வைத்து, மகளைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினேன். ஆற்று மணல் அள்ளக்கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அது லாரிக்காரர்களுக்கான சட்டம் என்றுதான் என் மனதில் இருந்தது. ரோட்டில் ஏறியதும் போலீஸ் ஜீப் நின்றது.

“எந்தா சேச்சீ சாக்கில்?”

என் முகத்தைப் பார்த்தாலே திருட்டு தெரிந்திருக்கும். மணல் என்றேன்.

“மணலோ? மணல் வாரான் பாடில்லெந்நு அறியில்லே?”

மணல் வாரக்கூடாதென்று தெரியாதா என்கிறார். பிள்ளை விளையாட என்றேன். அது பாதிப் பொய்போல எனக்கே பட்டது. அதனால் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். வெள்ளம், டாக்டர், தட்டு, திட்டில் மட்டும் பேசுகிற பிள்ளை. மலையாளமும் தமிழுமாகக் குழறியது. சொல்லச் சொல்ல, இப்படி ஒரு கதையை மணல் கடத்துகிறவள்தான் சொல்வாள் என்று எனக்கே தோன்றியது. அந்தப் போலீஸ்காரர் இறங்கி வந்து மகளின் முன் குனிந்தார். நல்ல மனிதர். குரலை இறக்கித்தான் கேட்டார்.

“மோளே, இதுகொண்டு மோளு களிக்குமோ? மாமனோடு பற.”

இதை வைத்து நீ விளையாடுவாயா, என்னிடம் சொல்லு என்கிறார். என் மகள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். அவள் என் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஜீப்பில் இருந்த இன்னொருவர் எங்களைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

முதலில் பேசியவர் சாக்கின் வாயை விரித்துப் பார்த்தார். “இதுகொண்டு ஒரு கோழிக்கூடு கெட்டான்கூடி திகயில்லல்லோ” என்று சிரித்தார். கோழிக்கூடு கட்டக்கூடக் காணாது. இனி செய்யக்கூடாது என்று சொல்லிப் போகவிட்டார்.

வீட்டில் பெரிய பேசினில் மணலைக் கொட்டித் தண்ணீர் நிறைத்தேன். மகள் உட்கார்ந்தாள். தட்டை நனைத்தாள், மணலை அள்ளினாள், சாய்த்துச் சாய்த்து வெள்ளை மணலைக் கழித்தாள். எல்லாம் ஆற்றில் செய்வதுபோலவே. அடியில் கறுப்புத் தங்கியது. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சத்தம்கூட வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் ஆகாதோ என்று மறுநாள் ஆற்றுத் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்தேன். தண்ணீர் ஓடவேண்டுமோ என்று ஹோஸைத் திறந்துவிட்டேன். அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். எனக்காகத்தான் இவ்வளவு நேரம் விளையாடினாளோ என்று அப்போது தோன்றியது.

மழை மறுபடியும் பிடித்தது. ஆரஞ்சு அலர்ட் என்றார்கள், ஷட்டரை உயர்த்துவார்கள் என்றார்கள். “மைனி, இனி கடவுப் பக்கம் போவண்டாம். திட்டு இன்னைக்கே போயிரும்” என்று கொழுந்தன் சொல்லிவிட்டு மீட்டிங் என்று கதவை மூடினான். மகள் தட்டோடு பின்வாசலில் நின்றாள். ஆற்றுப் பக்கமிருந்து முகத்தைத் திருப்பாமல் நின்றாள். மழை கொஞ்சம் விட்டபோது, மேல்படியில் நின்று பார்க்கவாவது கூட்டிப் போகலாம் என்று நினைத்தேன். திட்டு இல்லை என்பதை அவளே கண்ணால் பார்த்தால் மனம் சமாதானமாகும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன்.

திட்டு இல்லை. கலங்கிய தண்ணீர் கடவின் பாதிப் படிகளை மூடிக்கொண்டு ஓடியது. ஒரு வாழை வேரோடு சுழன்று போனது. அவள் கையை நான் இறுக்கித்தான் பிடித்திருந்தேன். மழையில் வழுக்கிக்கொண்டு உருவிவிட்டாள்.

“நீ போ” என்றாள் தண்ணீரிடம். ஒரு படி இறங்கினாள். “மணலு மேல ஏறாத. போ. போன்னா போ.”

தெளிவாக, உரக்கப் பேசினாள். நான் ஒரு நொடி கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரு நொடிதான். அதற்குள் அவள் இன்னும் இறங்கியிருந்தாள். பாய்ந்து இடுப்போடு தூக்கினேன். தட்டு கையை விட்டுப் படியில் விழுந்தது. அதைக் காலால் மிதித்துப் பிடித்துக் குனிந்து எடுத்தேன்.

“விடு! என்னைய விடும்மா! அம்மா, விடு!”

அம்மா என்றாள். அந்தச் சொல்லுக்காக நான் எத்தனை கோயிலில் நின்றிருப்பேன். என் தோளைக் கடித்தாள், தலைமுடியைப் பிடித்து இழுத்தாள், விடும்மா விடும்மா என்று கத்தினாள். நான் விடவில்லை. அவளைத் தண்ணீரிலிருந்து தூரமாகக் கொண்டுபோனேன். தோட்டத்துக்குள் நுழைந்தபோது கத்தல் விம்மலாகியது, பிறகு அதுவும் இல்லை.

இப்போதும் மழை நிற்கவில்லை. கீழ்ப்பக்கத்திலிருந்து பால் கொண்டுவருகிற பெண் காலையில் வந்தாள்.

“தண்ணி எறங்கிச்சா அக்கா?” என்று கேட்டேன்.

“எங்க எறங்க? இன்னியும் தொறந்து விடுவாவன்னாக்கும் சொல்லுதாவ. ஒனக்கு என்னத்துக்குப் பிள்ளே? அந்தப் பக்கம் போவாத, கேட்டியா?”

மகள் வாசல்படியில் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பால்காரி போனதும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் இறங்கும் என்று சொல்வதா, இனி அங்கே போகவேண்டாம் என்று சொல்வதா? இறங்கினாலும் திட்டு அங்கேயேதான் விழும் என்பதற்கு என்ன உறுதி?

“நாளைக்குப் பாப்போம் மக்கா” என்றேன். நேற்றும் அதைத்தான் சொன்னேன்.