ஒரே மேசையில் உண்பவர்கள்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் ‘கம்பெனி’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் எனக்குத் தெரிந்த அளவுக்கு, அதை விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருக்கும் பாதிப் பேருக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெங்களூரு ஆஸ்டின் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஊர்க்கோடித் தொழிற்பேட்டையான பொம்மசந்திராவுக்குப் போவேன். அங்கே ஒரு பெரிய கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாக, இரும்பு கடையும் லேத்து ஓட்டினேன். பர்மனென்ட் ஆட்கள் கெடுத்த வேலையைச் சரிசெய்ய என்னிடம்தான் வருவார்கள். மதியம் ஆனால் அதே கம்பெனியின் கேன்டீன் வாசலில் செக்யூரிட்டி என் பாஸின் நிறத்தைப் பார்ப்பான். காண்ட்ராக்ட் ஆளின் மஞ்சள் பாஸுக்கு உள்ளே இடமில்லை. நானும், கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்த என் கூட்டாளியும் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்போம். மழை நாளில் நின்றுகொண்டே சாப்பாடு. இப்படி ஆறு வருஷம். அந்த எரிச்சல் இன்னும் என் வயிற்றில் கிடக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அதே பொம்மசந்திராவில் சொந்த லேத்து ஷெட் போட்டேன். யார் தயவும் இல்லை, என் கை ஒன்றுதான். முதலில் வேலைக்குக் கூப்பிட்டது அந்தக் கூட்டாளியை. திறப்பு விழாவில் என் மகன் மைக்கைப் பிடித்தான், எம்.பி.ஏ. படித்தவன். லத்தீன் மொழியில் ‘கூட’ என்பதும் ‘ரொட்டி’ என்பதும் சேர்ந்து பிறந்த சொல்தானாம் கம்பெனி. ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்பவர்கள் என்று பொருளாம். துணைக்கு வருபவர், பட்டாளத்தில் ஒரு பிரிவு, வியாபாரக் கூட்டு எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவையாம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சொல்லை அந்தப் பழைய இடத்தில் வாசல் கேட்டில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்துவிட்டுத்தானே எங்களை வெளியே தின்ன வைத்தார்கள்! அன்றே சட்டம் போட்டேன்: ஒரு நீள மேசை, ஒரு மணிக்கு எல்லோரும், நான் உட்பட.

இரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. பிறகு கண் ஆபரேஷனுக்காகப் பத்து நாள் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தால் மேசைக்கு நடுவே அலுமினியத் தடுப்பு. உள்ளே ஆபீஸ் ஸ்டாஃபும் ஃபேனும். வெளியே லேத்து ஆட்கள். கூட்டாளியைக் காணோம். தேடிப் போனால், எங்கள் ஷெட்டின் சைக்கிள் ஸ்டாண்டில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தான்.

பத்து வருஷத்துக்கு மேல் என்னை வாடா போடா என்றவன், தலை நிமிராமல் சொன்னான்: “நீங்க உள்ள போய் சாப்பிடுங்க மொதலாளி. நமக்கு சைக்கிள் ஸ்டாண்டு புதுசா இன்னா?”

ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் மகனிடம் போனேன். கஸ்டமர்கள் ஷெட்டைச் சோதித்துப் பார்க்க ஆடிட்டுக்கு வருகிறார்கள், எண்ணெய் யூனிஃபார்மோடு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்றான்.

“அப்போ மைக்குல ரொட்டி ரொட்டின்னு சொன்னியேடா, அது?”

“அது சும்மா ஒரு ஸ்பீச்சுப்பா.”

சும்மாவாம். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். டாக்டர் குனியக் கூடாது என்றிருந்தார், குனிந்தேன். ஸ்டாஃப் தட்டோடு எழுந்து நின்று பார்க்க, தடுப்பை நானே கழற்றி வெளியே சாய்த்தேன். பிறகு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் அவன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் என் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். டப்பா வந்த பிறகு ஆளும் வந்தான். “கண்ணு போனா என்னாடா பண்ணுவ?” என்று திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்தான்.

மகன் அன்று சாப்பிட வரவில்லை. பசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.