பார்க்காமல் சொன்ன சரி

எங்கள் குடும்பத்தில் மாமியார் மருமகன் முன்னால் நின்று பேசுகிற வழக்கமில்லை. மாப்பிள்ளை விருதுநகருக்கு வந்தால் நான் அடுக்களைக் கதவுக்கு உள்ளே நின்று மகளிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்வாள். எனக்கும் சுபாவத்திலேயே கூச்சம் அதிகம். ஆறு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

மாப்பிள்ளை சிவகாசிக்காரர், விமானம் ஓட்டுகிறவர். புதிது புதிதாகத் தனியார் விமானங்கள் வந்த அந்த வருடங்களில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, பெரியவர் என்று இவர்கள் சொல்கிற தலைமை பைலட்டுக்குப் பக்கத்து இருக்கையில் துணை பைலட்டாக இருந்தார். ஓர் ஐப்பசியில், சொல்லாமல் கொள்ளாமல் அவரும் மகளும் வந்து இறங்கினார்கள். மதியம் இலையில் வைத்த சோற்றை அவர் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

"அதான் யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல? பெரியவரு சொன்னபடி எழுதிக் குடுத்துட்டுப் போவீகளா, சும்மா..." என்றாள் மகள்.

அவள் ரசம் எடுக்க உள்ளே வந்தபோது, "என்னத்தா நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒனக்குச் சொன்னாப் புரியாதும்மா."

"ஏன் புரியாது? பட்டாசு மருந்து எடைக்கு நின்னவுக அத்தை," என்று வெளியிலிருந்து அவர் குரல் வந்தது. பிறகு கதவைப் பார்த்து அவரே சொன்னார்.

விமானத்தில் உயரம் காட்டும் கருவி காற்றின் எடையை வைத்துத்தான் ஓடுமாம். காற்றின் எடை ஊருக்கு ஊர், வேளைக்கு வேளை மாறும். இறங்குகிற ஊரிலிருந்து ஒரு நம்பர் சொல்வார்கள். ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு திருகு. அந்த நம்பருக்கு இருவரும் திருப்பி வைத்து, ஒருவர் மற்றவருடையதைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அன்று பெரியவர் தப்பான நம்பர் வைத்துவிட்டார். இவர் எட்டிப் பார்க்காமலே சரி என்றுவிட்டார். பெரியவர் தன் கருவியை நம்பி மேகத்துக்குள் இறங்க, தரை நெருங்கிவிட்டதென்று எச்சரிக்கைக் குரல் கத்தியிருக்கிறது. மேலே தூக்கிப் பிழைத்தார்கள். பின்னால் இருந்த சனங்களுக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது விசாரணை. நாங்கள் பார்த்துத்தான் வைத்தோம், திருகு லூசாகித் தானாகத் திரும்பிவிட்டது என்று எழுதச் சொல்கிறார் பெரியவர். மாப்பிள்ளை மறுநாள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். உள்ளதை எழுதினால் வேலை இருக்குமோ போகுமோ.

நான் மகளிடம், "திருகு லூசுன்னா யாரைக் கேப்பாகன்னு கேளு," என்றேன்.

"மெக்கானிக்கை," என்றார் அவரே.

எனக்குப் பழைய சங்கதி ஒன்று நினைவுக்கு வந்தது. அச்சங்குளம் பக்கம் எங்களுக்குச் சின்னப் பட்டாசு ஆலை இருந்தது. என் வீட்டுக்காரரின் அண்ணன்தான் மருந்து நிறுப்பார். தராசை நான் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் கலக்க வேண்டும். ஆனால் தம்பி பெண்டாட்டி அவர் பக்கத்தில் போய் நிற்கலாமா? வாசலுக்கு வெளியே முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "சரியாத்தா?" என்பார். "சரி" என்பேன். தராசு முள்ளை ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. ஒருநாள் கலக்கும்போதே மருந்து பற்றிக்கொண்டது. அவருடைய வலது கையில் இரண்டு விரல் போயிற்று. என்னைக் காட்டி, அந்தப் பிள்ளையும் பார்த்துச்சே, எடையில் தப்பில்லை என்றார் அவர். நான் வாய் திறக்கவில்லை. மருந்தைச் சரியாகச் சலிக்கவில்லை என்று ஆமத்தூர்ப் பெண் ஒருத்தியை விரட்டிவிட்டார்கள்.

இதை முப்பது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. அன்று கதவை விட்டு வெளியே வந்து, மாப்பிள்ளை முன்னால் நின்று சொன்னேன். பாதியில் அவர் இலையை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆச்சு அத்தை?"

"அந்தப் பக்கம் எந்த ஆலையிலயும் சேக்கலை. வேலைய விட்டு வெரட்டுன பொண்ணுன்னு பேரு ஆயிருச்சுல்லா. எங்க போனாளோ தெரியலை."

"வெரல் போன பெரிய மாமாகிட்டச் சொன்னீகளா?"

"இல்ல. அவுக தெரியாமலே போய்ச் சேந்துட்டாக."

நான் இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவர் கையைக் கழுவிவிட்டு வந்து பைக்குள்ளிருந்து காகிதம் எடுத்தார். இங்கிலீஷில் எழுதினார். சாயங்காலம் மகளிடம் தமிழில் சொல்லிக் காட்டினார். நான் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொன்னேன் என்பதுதான் சாரம். மகள் அழுதாள்.

அந்தக் கம்பெனி அவரை ஏழு மாதம் விமானத்தில் ஏற்றவில்லை. மறுபடி ஏற்றினார்கள் என்றாலும் பெரியவராகிற வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். மகள் பொங்கல் வரை என்னோடு பேசவில்லை. பேசியபோது, "வாயே தெறக்காத மனுசி, அன்னிக்குத்தானா தெறக்கணும்?" என்றாள். அவள் கோபமும் நியாயம்தான்.

நடுவில் ஒருநாள் மாப்பிள்ளை போன் செய்தார். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் நான்தான் எடுத்தேன். "மெக்கானிக்கை ஒண்ணும் கேக்கலை அத்தை. வேலையிலதான் இருக்காரு," என்றார். "சாப்பிட்டீகளா மாப்பிள்ளை?" என்று மட்டும்தான் எனக்குக் கேட்கத் தெரிந்தது.