துடக்குக் கழியும்வரை நின்ற வண்டி

அந்த வண்டியை வாங்கிய அன்று எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மனைவி சொன்னாள். முன்பக்கம் சாதாரண பிக்கப். அதன் முதுகில் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்த ஒரு சின்ன அறை. நான் வேலை செய்யும் உணவகத்திலிருந்து ஓய்வுபெற்றுப் போன பிரெஞ்சுச் சமையற்காரர் விற்றது. நாங்கள் குடியிருக்கும் லா சப்பலில் கார் நிறுத்தவே இடமில்லை, இதை எங்கே நிறுத்துவது? நகருக்கு வெளியே சார்செலில் மனைவியின் தம்பி குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால், அவனுடைய தரிப்பிடத்தில் கொண்டுபோய் விட்டேன்.

எல்லாம் நாய்க்காகத்தான். மகள் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் அடம்பிடித்துக் கொண்டுவந்த நாய் அது. மூன்றாம் மாடியில் யாராவது நாய் வளர்ப்பார்களா என்று ஒரு கிழமை முழுக்கக் கத்தினேன். பிறகு மகள் படித்து முடித்து வேலை கிடைத்து லியோனுக்குப் போய்விட்டாள். நாய் எனக்கு மிஞ்சியது. அவள் வைத்த பிரெஞ்சுப் பெயர் ஒன்று அதற்கு உண்டு. ஆனால் நான் 'டேய்' என்றால்தான் திரும்பிப் பார்க்கும்.

பதினொரு வருடம் மதிய வேலை முடிந்து வந்ததும் அதைக் கூட்டிக்கொண்டு பக்கத்திலுள்ள ஸ்டாலின்கிராட் சந்திப் பக்கம் நடப்பேன். அங்கே கால்வாய் விளிம்பில் நின்று தண்ணீரையே பார்க்கும். இழுத்தால் வராது. குதிக்கவும் நான் விட்டதில்லை. இறங்கத் தடை, கரையும் சுவர்போல நேரே இறங்குகிறது. "பொறடா, ஒரு நாளைக்கு உன்னை ஆத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்பேன். நாய்க்கு வாக்குக் கொடுப்பது சுலபம். பிள்ளைகளைப் போல அது ஞாபகப்படுத்திக் கேட்காது.

சித்திரையில் சாப்பாட்டை விட்டது. மிருக வைத்தியர் இளம் பெண், என் மகளின் வயதுதான் இருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு மண்ணீரலில் கட்டி, பரவிவிட்டது, வெட்டிப் பயனில்லை என்றாள். "இரண்டு மாதம் இருக்கலாம், குறையவும் கூடும். அதற்கு எது பிடிக்குமோ அதைச் செய்யுங்கள், மெசியூ. பிந்தாதீர்கள்."

அடுத்த கிழமையே வண்டி வந்துவிட்டது. சமையற்காரரின் தங்கைக்கு யோன் ஆற்றங்கரையில் ஒரு புல்வெளி உண்டாம். வண்டிப்பாதை அங்கேயே முடிந்துவிடும், ஒரு வீடுகூடக் கண்ணுக்குத் தெரியாது, எத்தனை நாளும் நிற்கலாம் என்றார். எங்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. நாய்க்குச் சனக்கூட்டம் ஆகாது. தேர்த் திருவிழாவன்று தெருவில் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடும், மாலைவரை வெளியே வராது.

மனைவியின் தம்பிதான் விடவில்லை. "சனமில்லாத இடத்திலை போயிருந்து என்ன செய்யப்போறியள் அத்தான்? நாங்களும் வாறம். இறைச்சி வாட்டுவம்."

"நீ வந்தால் நாய் ஆத்துக்கை விழுந்து செத்துப்போம்" என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன். அப்போது 'செத்துப்போம்' என்பதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்ல முடிந்தது.

நாய்க்குப் பின்னங்கால்கள் பலமிழந்திருந்தன. வண்டியின் படி ஏறாது. நீளப் பலகை ஒன்று வாங்கி, சறுக்காமலிருக்கப் பழைய கால்மிதியை அதன்மேல் ஆணியடித்து, சாய்வாக வைத்தேன். முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இரண்டாம் முறை அவித்த கோழித் துண்டுகளைப் பலகை நெடுகிலும் வைத்தேன். ஒவ்வொன்றாகத் தின்றபடி மேலே போய், உள்ளே மெத்தையில் ஏறிப் படுத்து, என்னைப் பார்த்து வாலை இரண்டு தரம் அடித்தது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொன்னால் வெட்கக்கேடு.

வெள்ளிக்கிழமை பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலில் வண்டிக்குப் பூசை, சனிக்கிழமை பயணம் என்று முடிவாயிற்று. பூசையில்லாமல் வெளிக்கிட மனைவி சம்மதிக்க மாட்டாள். அவளுக்கும் காரணம் இருந்தது. நாங்கள் வாங்கிய முதல் காரை அவசரத்தில் பூசை செய்யாமல் எடுத்துக்கொண்டு போய், முதல் சுற்றுவட்டத்திலேயே அடிபட்டோம். அவளுடைய வலது தோள் இன்றைக்கும் முழுக்க உயராது. பழியை அவள்மேல் போட வரவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

புதன்கிழமை கனடாவிலிருந்து தொலைபேசி வந்தது. சித்தப்பா முதல்நாள் தவறிவிட்டார்.

அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. நான் தொட்டிலில் கிடந்தபோது கப்பல் வேலைக்குப் போனவர். அவருடைய முகம் எனக்குத் தெரியாது. ஒரு தரம்கூடப் பேசியதில்லை. ஆனாலும் தகப்பன் வழி இரத்தம். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. கடைசி நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை கோயில் வாசலை மிதிக்க முடியாது. கோயில் இல்லையென்றால் பூசை இல்லை, பூசை இல்லையென்றால் பயணம் இல்லை.

"ஒரு மாசம்தானே, பொறுப்பம் அப்பா" என்றாள் மனைவி.

"ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக என் வாயில் நானே அடிக்க வேண்டும். சாவியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் யார் மறித்திருப்பார்கள்? அடுத்த மாதம் கூட்டிப்போகிறேன் என்று வைத்தியரிடம் சொன்னேன். அவள் நாயைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாயைக் கூட்டிக்கொண்டு ரெயிலில் சார்செல் போவேன். பலகையை வைப்பேன், அது ஏறிப் படுக்கும். பக்கத்தில் நானும் படுத்து, ஆற்றங்கரைக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று கடதாசியில் எழுதுவேன். நாய்க்கு இரண்டு துவாய், எனக்கு ஒரு பானை, எரிவாயுச் சிலிண்டர், மருந்து. யன்னலுக்கு வெளியே குப்பைத் தொட்டிகளும் கார்களின் முதுகுகளும் தெரியும். ஓடாத வண்டிக்குள் இப்படி மத்தியானம் முழுக்கக் கிடந்தோம். மூன்றாவது ஞாயிறு அதனால் பலகையில் ஏற முடியவில்லை. தூக்கி ஏற்றினேன். பாரம் குறைந்துபோயிருந்தது. அப்போதாவது எனக்கு அறிவு வந்திருக்க வேண்டும்.

துடக்கின் இருபத்தேழாம் நாள் காலையில் குசினிக்குள், அடுப்புக்கு முன்னால், நாய் விழுந்தது. பல்முரசு வெள்ளையாய்ப் போயிருந்தது. உள்ளே கட்டி வெடித்துவிட்டது என்றாள் வைத்தியர். கடைசி ஊசி போடும்போது அதன் தாடையைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தேன். "டேய்" என்றேன். கண் திரும்பியது. அதற்குப் பிறகு அது பாரமாகிவிட்டது.

மகள் தொலைபேசியில் பிரெஞ்சில் அழுதாள். வண்டி இருந்தது, இடம் இருந்தது, ஏன் போகவில்லை, பப்பா, என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். என்னத்தைச் சொல்ல? எனக்கு முகம் தெரியாத ஒரு மனிதரின் சாவு உன் நாயை மறித்துவிட்டது என்றா?

வீட்டுக்கு வந்து, செத்த வீட்டுக்குப் போய்வந்தவன்போல நேரே குளியலறைக்குப் போனேன். முழுகப்போகிறேன் என்று மனைவிக்கு விளங்கிவிட்டது. துவாயை நீட்டியபடி, "நாய்க்குத் துடக்கில்லை அப்பா" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். நான் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

முப்பத்தோராம் நாள் கனடாவில் அந்தியேட்டி முடிந்தது. அன்றைக்கு மனைவி மெதுவாகச் சொன்னாள்: "பூசையை விடுவம். வண்டியை வித்துப்போடுங்கோ."

"ஏன் விடுவான்? துடக்குத்தான் கழிஞ்சுதே" என்றேன். அவளுக்கு நோக வேண்டும் என்றே சொன்னேன். நொந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் மிஞ்சிய இரண்டு பேரும் இப்படித்தான் இருக்கப்போகிறோம் என்று தோன்றியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை சார்செலிலிருந்து வண்டியை ஓட்டிவந்து கோயிலடியில் நிறுத்தினேன். அங்கே கொண்டுபோய் விட்ட பிறகு அது ஓடிய முதல் ஓட்டம். மனைவி தட்டோடு நின்றாள். எலுமிச்சம்பழங்கள், கற்பூரம், செவ்வரத்தம்பூ. ஐயர் நாலு சில்லுக்கும் கீழே பழத்தை வைத்தார், கண்ணாடியில் சந்தனம் பூசினார். பின்கதவைத் திறந்து உள்ளேயும் தண்ணீர் தெளித்தார். நான் கழற்றி வைத்த பலகை அங்கே கிடந்தது. கால்மிதியில் மயிர் ஒட்டியிருந்தது. கற்பூரம் கொளுத்துமுன், எல்லாரிடமும் கேட்பதுபோல என்னிடமும் கேட்டார்.

"வீட்டிலை துடக்கு ஒண்டும் இல்லையே?"

மனைவி என்னைப் பார்த்தாள். நாய் செத்து ஆறாம் நாள்.

"இல்லை ஐயா" என்றேன்.