பீற்றரின் பெயரைக் கூப்பிட்ட மாலை

கூச்சத்தால் பேச்சைக் குறைத்துக்கொண்டவன் நான். இதையும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் நாட்டார் பாடல் கழகம் இருக்கிறது. கிறிஸ்மஸ் பாட்டை நாங்கள் வலை இழுக்கும் அம்பாப் பாட்டு மெட்டில்தான் பாடுவோம். முன்பாட்டுக்காரர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பாலனிடம் அழைப்பார். அழைக்கப்பட்டவர் எழுந்து "ஏலேலோ" என்று பதில் பாட வேண்டும்.

வழமையாகப் பாடுபவருக்குத் தொண்டை கட்டியதால், போன கிறிஸ்மஸ் மாலையில் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

"வாயை நல்லாத் திறவுங்கோ அண்ணை, மீன் ஒண்டும் உள்ள போகாது!" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு, பல வருடம் கேட்டுப் பழகிய வரிசையிலேயே பெயர்களைப் பாடினேன். அந்த வேகத்தில் "பீற்றர்" என்றும் கூப்பிட்டுவிட்டேன். பீற்றர் என் கூட்டாளி. அந்தக் கிறிஸ்மஸுக்கு எட்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துபோனவன்.

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். முன்வரிசையில் அவன் மனைவி றெஜினா இருந்தாள். அவள் மெல்லக் கதிரையை விட்டு எழும்பி, உடைந்த குரலில் "ஏலேலோ" என்று பாடினாள்.

முடிந்ததும் அவளிடம் போனேன்.

"மன்னிச்சுக்கொள் தங்கச்சி, வாய் தவறிப்போச்சு."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. நான் அழுவன் எண்டு ஒருத்தரும் எனக்கு முன்னால அவரின்ர பேரைச் சொல்லுறேல்லை. இண்டைக்குத்தான் காதால கேட்டனான்."

எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அந்த எட்டு மாதமும், என்ன கதைப்பது என்று தெரியாமல், அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனவன் நான்.