மூணாவது உந்தலில் பார்த்தவள்

எல்லோரும் அவளை ‘மூலைக்காரி’ என்றுதான் சொல்வார்கள். பிலாட்டீஸ் உடற்பயிற்சி கற்றுத்தருகிறவர்களுக்கு, வலியோடு வருகிறவர்களை எப்படிக் கையாள்வது என்று பழக்குவது அவள் வேலை. பழகுகிறவர் பாடம் நடத்த, இவள் அறை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். பாடம் முடியும்வரை வாய் திறப்பதில்லை. அவளே போட்டுக்கொண்ட சட்டம். குறுக்கே பேசினால் நடத்துகிறவரின் கண் படுத்திருப்பவரை விட்டுத் தன் பக்கம் திரும்பிவிடும் என்பாள். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அதை மீறவில்லை என்பதில் அவளுக்குச் சின்னக் கர்வமும் உண்டு.

இருபத்தாறு வயதில் முதுகெலும்புத் தட்டு விலகி எட்டு மாதம் படுத்துக் கிடந்தவள் அவள். கேட்டவர்களிடமெல்லாம் ‘பரவாயில்ல’ என்றாள். கேட்பவர் முகம் வாடக்கூடாதே. அந்தப் பொய்யிலிருந்துதான் அவள் தொழிலே முளைத்தது. பழக வருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வது இதுதான்:

“பத்துக்கு எவ்ளோ வலின்னு கேளுங்க. பதில நம்பாதீங்க. உங்கள அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா கொறச்சுதான் சொல்லுவாங்க. வாய விட்டுட்டு கால்விரலப் பாருங்க.”

அப்போது அவளிடம் பழகிக்கொண்டிருந்த நீச்சல் பயிற்சியாளரை எல்லோருக்கும் பிடிக்கும். அதுதான் வினை. குளத்தை மூடிவிட்டதால் ஐம்பது வயதுக்கு மேல் இந்தப் பக்கம் வந்தவர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்.

அன்று அவரிடம் வந்தது தையல்கார அம்மா. இரண்டு வருட இடுப்பு வலி. நாலு இடம் ஏறி இறங்கியாகிவிட்டது. “இதுவும் சரிப்படலேன்னா மெஷினைக் குடுத்துட வேண்டியதுதான்” என்று சொல்லிக்கொண்டேதான் செருப்பைக் கழற்றினார்.

“இன்னிக்கு எவ்ளோம்மா?”

“மூணுதான் தம்பி.”

“தம்பியா? எனக்குப் பேரன் இருக்கான்!”

“இருந்துட்டுப் போகட்டும். உனக்கு அக்கா வேணாமா?”

இருவரும் சிரித்தார்கள். மல்லாந்து படுத்துக் காலால் உந்தினால் நகரும் படுக்கை அது; ஸ்பிரிங் கூடக்கூட உந்துவது கடினம். ஒரு ஸ்பிரிங் போதும் என்று அம்மாவின் குறிப்புச் சீட்டில் எழுதியிருந்தது. சிரித்த வேகத்தில் பயிற்சியாளர் இரண்டாவதையும் மாட்டினார்.

மூன்றாவது உந்தலில் அம்மாவின் வலது கால்விரல்கள் உள்ளே மடங்கின. நகங்கள் வெளுத்தன. முகத்தில் சிரிப்பு மட்டும் கலையவில்லை.

மூலைக்காரி பார்த்தாள். இதோ குனிவார், இதோ கவனிப்பார் என்று இருந்தாள். நாலு. ஐந்து. ஆறில் அம்மாவுக்கு மூச்சு நின்று வந்தது. எழுந்து படுக்கை விளிம்பைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றுவிட்டு, “நல்லா இருக்கு தம்பி” என்றார்.

அடுத்த பாடத்துக்கு அவர் வரவில்லை. எழுந்து உட்காரவே முடியவில்லை என்று மகள் போனில் சொன்னாள்.

“நீங்க பாத்தீங்களா மேடம்?” என்றார் பயிற்சியாளர்.

“பாத்தேன். மூணாவதுலயே.”

“ஆறு வரைக்கும் போச்சே!”

“நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னு...”

எதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பவர், அன்று சிரிக்கவில்லை. “குளத்துல ஒரு புள்ள முங்கினா, புது மாஸ்டர் கத்துக்கட்டும்னு பாத்தவங்க கரையில நிப்பாங்களா மேடம்?”

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

மூலைக்காரி தையல்கார அம்மாவின் வீட்டைத் தேடிப் போனாள். மூன்றாம் மாடி. உள்ளே இரண்டு பேர் மெஷினைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார்.

“தப்பு என்மேலதாம்மா. இனி நானே வீட்டுக்கு வந்து பாக்கறேன். மெஷினக் கொஞ்ச நாள் வெச்சிருங்க.”

“வேணாம்மா.” குரலில் கோபமே இல்லை. “நீங்கல்லாம் ரொம்ப நல்லவங்க. வலியக்கூடத் தாங்கிடலாம். உங்க மனசு நோகாம பாத்துக்கணுமே, அதுக்குத்தான் தெம்பில்ல.”

அவள் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இதைத்தான். இதற்கு மேல் என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கீழே இறங்கும்போது பின்னாலேயே மெஷினும் வந்தது. படி குறுகல். “கொஞ்சம் தள்ளும்மா” என்றார் தூக்கி வந்தவர். அவள் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டாள்.