அழாத பிள்ளையின் நிலம்

இருநூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு மருத்துவச்சியைப் பற்றி எழுதுகிறேன். ஊரில் அவளுக்குச் செவிட்டம்மா என்று பெயர். நாற்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் காய்ச்சல் போனது, போகும்போது காதையும் கொண்டுபோய்விட்டது. அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. தோட்டைக் கழற்றி மருமகளிடம் கொடுத்தாள். "வேலை செய்யாத காதுக்கு அலங்காரம் வேறயா, நீ போட்டுக்கோ" என்றாள்.

வேலையையும் விடவில்லை. முன்பெல்லாம் காதால் செய்ததை இனிக் கையால் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பிரசவ வலியின் இடைவெளியை வயிற்றில் உள்ளங்கை வைத்துக் கணித்தாள். பிறந்த பிள்ளைக்கு உயிர் இருக்கிறதா என்று தொப்புள்கொடியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கைவரை கழுவிய பிறகுதான் உள்ளே போவாள். நானும் நாற்பது வருடம் நோயாளிகளோடு இருந்தவள். படித்துப் பட்டம் வாங்கியும் கை கழுவ மறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்து நில வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. நிலக்காரர் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு. மகன் இல்லையென்றால் மகளுக்கு. பிள்ளையே இல்லையென்றால் தம்பிக்கு. மனைவிக்கு வீட்டின் பின்பக்கம் ஒரு அறை, ஒரு பசு, வருடத்துக்கு எட்டு மூட்டை தானியம். கணவன் இறந்தபோது அவள் கர்ப்பமாக இருந்தால் மட்டும் எல்லோரும் காத்திருக்க வேண்டும். பிள்ளை உயிரோடு பிறந்தால் நிலம் அதற்கு. பிறந்து ஒரு மணி நேரத்தில் போய்விட்டாலும், அதன் வாரிசாக நிலம் தாய்க்கு வரும்.

உயிரோடுதான் பிறந்தது என்பதற்குச் சாட்சி அழுகை. பிரசவ அறைக்குள் ஆண்கள் வருவதில்லை. அதனால் கதவுக்கு வெளியே ஒரு ஆணை நிறுத்துவார்கள். உள்ளே மருத்துவச்சி, வெளியே அந்த ஆள், இரண்டு பேரும் அழுகையைக் கேட்டிருக்க வேண்டும். ஒருவர் போதும் என்று இருந்த காலத்தில் யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து கிள்ளியிருக்கிறார்கள்.

ஆற்றோரத்து நிலக்காரர் மரத்திலிருந்து விழுந்து இறந்தபோது அவர் மனைவிக்கு ஆறு மாதம். எட்டாம் மாதமே வலி எடுத்தது. வீட்டுப் பொறுப்பு அப்போது இறந்தவரின் தம்பி கையில் இருந்தது. இரண்டு தெரு தள்ளி நல்ல காதுள்ள மருத்துவச்சி ஒருத்தி இருந்தாள். அவர் அவளைக் கூப்பிடவில்லை. ஆற்றைக் கடந்து வண்டி அனுப்பிச் செவிட்டம்மாவை வரவழைத்தார். கதவுக்கு வெளியே கொல்லரை நிறுத்தினார். கொல்லர் விஷயம் புரிந்த ஆள்.

"ஏன் தம்பி, அந்தம்மாவுக்குத்தான் காது கேக்காதே?"

"அதனால என்னண்ணே? கைராசிக்காரின்னு ஊரே சொல்லுது."

"ஊரு சொல்றது உங்களுக்கு இன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சாக்கும்."

காலை வெயில் ஜன்னலுக்கு வந்த நேரத்தில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. நீலம் பாரித்து, துவண்டு கிடந்தது. செவிட்டம்மா வாயில் விரல் விட்டுச் சளியை எடுத்தாள், முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள். உதட்டில் மெல்ல நிறம் வந்தது. கொடி துடித்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. ஆனால் முகம் அழுகைக்குச் சுருங்கவே இல்லை. தோலைப் பார்த்ததுமே இது தங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

தாய் தலையைத் தூக்கினாள். "அழுதானா அக்கா?"

உதட்டசைவைப் படிப்பது செவிட்டம்மாவுக்குப் பழக்கம். "இல்ல. உயிரு இருக்கு. ரொம்ப நேரம் இருக்காது, கண்ணு."

தாய் அவள் கையைப் பிடித்துத் தன் முகத்தைப் பார்க்க வைத்தாள். பிறகு சொன்னாள்: "அழுதான்னு சொல்லிடுங்க அக்கா. இல்லன்னா எனக்கு அந்தப் பின்னறைதான். அவரும் நானும் கல்லு பொறுக்குன நிலம் அது."

"செவிடி கேட்டேன்னு சொன்னா எவன் நம்புவான்? பொய் சொன்னாலும் பொருந்துற பொய்யா சொல்லணும். நீ பிள்ளையக் கொஞ்ச நேரம் வெச்சுக்கோ."

தாயின் நெஞ்சில் பிள்ளையைக் கிடத்தினாள். அவள் ஆசை தீர முகம் பார்த்த பிறகு வாங்கித் துணியில் சுற்றி, அவள் மேல் போர்வையை இழுத்துவிட்டு, கதவைத் திறந்தாள். பிரசவ அறைக் கதவு அப்படித் திறந்ததை அந்தத் தெரு பார்த்ததில்லை.

"தம்பி, இங்க வாங்க" என்று இறந்தவரின் தம்பியைக் கூப்பிட்டாள்.

"நான் எதுக்கும்மா? நான் வரக்கூடாது."

"நீங்க வர வேணாம், உங்க கை வந்தா போதும். விரல நீட்டுங்க."

அவர் நீட்டினார். அவள் அந்த விரலைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தாள். பிள்ளை பிடித்துக்கொண்டது. அவர் விரலை இழுத்தார், கையும் கூடவே வந்தது.

"ஏம்மா, விட மாட்டேங்குதே" என்று கத்திவிட்டார். தெருமுனைவரை கேட்டது என்று கொல்லர் பிறகு சொன்னார்.

பிள்ளை எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது என்பதையும் கொல்லர்தான் சொன்னார். ஒரு குதிரையின் நாலு காலுக்கும் லாடம் அடிக்கிற நேரம். அவ்வளவு நேரமும் தம்பி கதவருகே குனிந்தபடியே நின்றார். விரலை யாரும் விடுவிக்கவில்லை. அது தானாக விடுபட்டது.

மறுவாரம் விசாரணை. நில அதிகாரி செவிட்டம்மாவிடம் முதலில் கேட்டார். அவள் உதட்டைப் படிப்பாள் என்று தெரியாத எழுத்தர், கேள்வியைக் கைச்சாடையில் விளக்கப் படாத பாடு பட்டார்.

"பிள்ளை அழுதுச்சா?"

"எனக்கு இடி விழுந்தாலே கேக்காதுங்க. கொடி துடிச்சுச்சு, மூச்சு வந்துச்சு. கையால பாத்தேன். இன்னொரு கையும் பாத்துருக்கு, அதக் கேளுங்க."

கொல்லரைக் கேட்டார். "பிள்ளை அழலீங்க. ஆனா ஒரு சத்தம் கேட்டுச்சு."

"யாரு சத்தம்?"

"இவரு சத்தம்தான்" என்று கொல்லர் தம்பியைக் காட்டினார்.

தம்பி எழுந்து நின்றார். கூடம் நிறைய ஆட்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆற்றோரம் முழுவதும் அவருடையது. அதிகாரி நேராகக் கேட்டார்: "செத்துப் பொறந்த பிள்ளை விரலப் பிடிக்குமா?"

அவர் தன் விரலைப் பார்த்தார். "பிடிக்காதுங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

நிலம் தாய்க்கு வந்தது. முப்பத்தொரு வருடம் அவளே பயிர் வைத்தாள். அந்தச் சாட்சிகளை எழுத்தர் எழுதி வைத்ததால்தான் எனக்கு இதெல்லாம் தெரிகிறது. அதன்பின் அந்த வட்டாரத்தில் கதவுக்கு வெளியே நிற்கிற ஆள் காதை மட்டும் நம்பவில்லை. பிள்ளையை வாசலுக்குக் கொண்டுவந்து விரலைக் கொடுக்கச் சொன்னார்கள்.

இரண்டு வருடம் கழித்துத் தம்பியின் மனைவிக்குப் பிரசவம். அப்போதும் ஆற்றைக் கடந்து வண்டி போனது. செவிட்டம்மா வந்து இறங்கி, கை கழுவிக்கொண்டே கேட்டாள்: "பக்கத்துல நல்ல காதோட ஒருத்தி இருக்காளே, தம்பி?"

அவர் அவளுக்குப் புரியும்படி மெதுவாக உதட்டை அசைத்துச் சொன்னார். "காதெல்லாம் எனக்கே இருக்கும்மா. நீங்க உள்ள போங்க."